முள் எந்த இடத்தில் தவறுகிறது

பழைய பிக்கப் வைத்திருக்கும் ஒருவரிடம் எரிபொருள் மானி சரியாகக் காட்டுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். "பழைய வாகனம்தானே, அது அப்படித்தான்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பிரேக் சற்றுத் தளர்ந்தாலும், என்ஜின் கொஞ்சம் புகை தள்ளினாலும் அன்றைக்கே கராஜுக்கு ஓடுகிறவர்கள்கூட, டீசல் முள் விடயத்தில் மட்டும் கையை விரித்துவிடுகிறார்கள். நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கும் பேச்சு இது. ஒரு மானி எவ்வளவு பழையதாக இருந்தாலும் காரணமில்லாமல் தவறாகக் காட்டுவதில்லை. அது எந்த அளவில் சரியாகக் காட்டுகிறது, எந்த அளவில் தடுமாறுகிறது என்று பொறுமையாகக் கவனித்தால், ஓர் ஆணியைக்கூடக் கழற்றுவதற்கு முன்பே கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பெருமளவு சொல்லிவிடலாம். அப்படிக் கவனிக்காமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்ப்பதில்தான் பலருடைய பணம் வீணாகிறது.

என்னிடம் இருப்பது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்யப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப். எல்.என். 106 வகை, 2.8 லீற்றர் டீசல் என்ஜின். சித்தப்பாவிடமிருந்து என் கைக்கு வந்தது. புறக்கோட்டையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் இறக்குவதுதான் அதன் அன்றாட வேலை. இடைக்கிடை களனிப் பாலத்தைத் தாண்டி பேலியகொடை, வத்தளைப் பக்கமும் போகும். சாவியைத் தரும்போது சித்தப்பா சொன்ன ஒரே அறிவுரை, "முள்ளை நம்பாதை தம்பி, கிலோமீற்றரைப் பாத்து அடி" என்பதுதான். அவர் பல ஆண்டுகள் அப்படித்தான் சமாளித்திருக்கிறார். பழைய டீசல் வாகனம் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் செய்வதும் அதுவே.

ஆனால் கொழும்பில் கிலோமீற்றர்க் கணக்கு ஓர் எல்லைக்கு மேல் உதவாது. வெறும் வண்டியுடன் அதிகாலையில் மரைன் டிரைவ் வழியாகப் போகும் பத்துக் கிலோமீற்றரும், பின்பெட்டி நிறையச் சுமையுடன் மாலை ஐந்து மணிக்குப் பேஸ்லைன் வீதியில் தெமட்டகொடையைக் கடக்கும் பத்துக் கிலோமீற்றரும் ஒரே அளவு டீசலைக் குடிப்பதில்லை. பெற்றோல் வாகனம் எரிபொருள் தீர்ந்து நின்றால் ஒரு கான் பெற்றோலை ஊற்றி ஓட்டிப் போய்விடலாம். பழைய டீசல் வாகனம் நின்றால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். டீசல் ஊற்றியபின் பில்டருக்கு மேலுள்ள கைப்பம்பை அழுத்தி அழுத்தி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். சில வேளை இன்ஜெக்டர்க் குழாயின் நட்டையும் தளர்த்த வேண்டிவரும். பாலத்து ஏற்றத்தில், பின்னால் கொள்கலன் லொறிகள் வரிசைகட்டி நிற்கும்போது செய்யக்கூடிய வேலையல்ல அது. ஆகவே இந்த முள்ளைச் சிறிய விடயம் என்று ஒதுக்கிவிட முடியவில்லை.

முள்ளின் நடத்தை

எனது வண்டியின் முள் இரு விதமாகத் தவறியது. தாங்கியை விளிம்புவரை நிரப்பினாலும் அது 'எஃப்' கோட்டைத் தொடாமல், முக்கால் அளவைச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடும். பாதியை நெருங்கும்போது ஓரளவுக்கு நம்பத்தகுந்ததாக இருக்கும். கால் பகுதிக்குக் கீழே இறங்கியதும் திடீரென 'ஈ' கோட்டுக்கு விழும். சிறிது தூரம் போனதும் மெல்ல ஏறிவரும். பள்ளத்தில் ஒரு குலுங்கல் குலுங்கினால் மறுபடி விழும். ஒரு கராஜில் மீற்றர் பலகையையே மாற்றச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில், எதையும் பார்க்காமலே, தாங்கிக்குள் இருந்து டீசல் மட்டத்தை அளக்கும் டேங்க் யூனிட்டை மாற்றச் சொன்னார்கள். இருவரும் ஒரே ஒரு கோளாறுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேசினார்கள். எனக்கோ, மேலே நடப்பதும் கீழே நடப்பதும் ஒரே காரணத்தால் வருபவையாகத் தெரியவில்லை.

ஏன் என்பதைப் புரிந்துகொள்ள அந்த அமைப்பின் கணக்கை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். தாங்கிக்குள் ஒரு மிதவை. அதைத் தாங்கும் கம்பி. கம்பியின் மறுமுனையில், தடைக்கம்பி சுற்றிய ஒரு சிறு பட்டையின் மீது உரசி நகரும் உலோக நாக்கு. டீசல் மட்டம் ஏறி இறங்க, நாக்கு நகர்ந்து தடையை மாற்றுகிறது. இவை சேர்ந்ததுதான் டேங்க் யூனிட். இந்த ஹைலக்ஸில் தாங்கி நிறைந்திருக்கும்போது தடை ஏறத்தாழ 3 ஓம். பாதியில் 32 ஓமுக்குச் சற்று மேல். வெறுமையாகும்போது ஏறத்தாழ 110 ஓம். மீற்றர் பலகையில் உள்ள மானிக்குள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சுற்றப்பட்ட சுருள்கள் இருக்கின்றன. அவற்றின் காந்தப் புலங்களுக்கு இடையிலான விகிதமே முள்ளைத் திருப்புகிறது. அதனால் பற்றரியின் வோல்ட் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் இந்த வகை மானி பெரிதாகத் தடுமாறாது. முள் பதறாமல் இருப்பதற்காக உள்ளே சிலிக்கன் எண்ணெயும் இருக்கும். சாவியை நிறுத்தினாலும் முள் இருந்த இடத்திலேயே நிற்பது இதனால்தான். இதற்கு முந்திய தலைமுறை வாகனங்களில் ஈருலோகப் பட்டை சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளும் வகை இருந்தது. அதில் சாவியை நிறுத்தியதும் முள் கீழே விழுந்துவிடும். அந்த வகையில் டீசல் முள்ளுக்கும் வெப்பநிலை முள்ளுக்கும் பெரும்பாலும் ஒரே வோல்ட் சீராக்கி என்பதால், இரண்டு முட்களும் சேர்ந்து தவறினால் முதலில் அந்தச் சீராக்கியைத்தான் சந்தேகிக்க வேண்டும். எனது வண்டியில் வெப்பநிலை முள் எப்போதும் ஒழுங்காக இருந்தது. சாவியை நிறுத்தினால் டீசல் முள்ளும் அசையாமல் நின்றது. எனவே அந்தப் பக்கம் போக வேண்டிய தேவை இருக்கவில்லை.

இந்த எண்களில் ஒரு சூட்சுமம் உண்டு. மின்சுற்றைச் செசி என்ற இரும்புச் சட்டகத்தோடு இணைக்கும் எர்த் வயர் துருப்பிடித்து, வரக்கூடாத இடத்தில் 10 ஓம் கூடுதலாக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தாங்கி வெறுமையாக இருக்கும்போது 110 என்பது 120 ஆகும். முள் அசைவதே கண்ணுக்குத் தெரியாது. தாங்கி நிறைந்திருக்கும்போதோ 3 என்பது 13 ஆகிவிடும்; நான்கு மடங்குக்கும் மேல். அதே 10 ஓம் மேல் முனையில் முள்ளைப் பெரிதாக இழுத்துவிடுகிறது, கீழ் முனையில் கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. ஆகவே நிறைந்த தாங்கியைக் குறைத்துக் காட்டி, வெறுமையை மட்டும் சரியாகக் காட்டும் முள், பெரும்பாலும் வயரிலோ எர்த்திலோ உள்ள குறையைத்தான் சொல்கிறது. குதிப்பதும் விழுவதும் அப்படிப்பட்டவை அல்ல. அவை தொடர்பு அறுந்து அறுந்து ஒட்டுவதன் அடையாளம். தொடர்பு முற்றாக அறுந்தால் தடை எல்லையற்றதாகிவிடும். இந்த வகை மானிக்கு அதிக தடை என்றால் வெறுமை. எனவே முள் 'ஈ'க்கு விழும். அது கால் பகுதிக்குக் கீழே மட்டும் நடக்கிறது என்றால், வயரைவிட அந்தப் பட்டையின் குறிப்பிட்ட ஒரு பகுதியையே சந்தேகிக்க வேண்டும்.

முதலில் கைக்கு எட்டியவை

மீற்றர் பலகையை மாற்றலாமா என்ற கேள்விக்கு விடை காண ஒரு சிறு பல்ப் போதும். டேங்க் யூனிட்டுக்குப் போகும் வயர் இணைப்பை, அதாவது கப்ளரைக் கழற்றி, மானியிலிருந்து வரும் வயருக்கும் எர்த்துக்கும் இடையே 3.4 வொட் பல்ப் ஒன்றை இணைத்துச் சாவியைப் போட வேண்டும். பல்ப் எரிந்து, முள் 'எஃப்' பக்கமாக நகர்ந்தால் மானியும் அதுவரையுள்ள வயரும் உயிரோடு இருக்கின்றன. சிலிக்கன் எண்ணெய் காரணமாக முள் நிலைகொள்ளச் சற்று நேரம் எடுக்கும். அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. வயரை நேரடியாக எர்த்தில் தொட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. இடையில் பல்ப் இருந்தால் மானிக்குள் மின்னோட்டம் அளவுக்கு மீறிப் பாயாது என்பதால் எனக்கு அதுவே சரியாகப் படுகிறது. இந்தச் சோதனையை எல்லா வாகனங்களுக்கும் அப்படியே பொருத்தவும் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களில் பல ஆண்டுகளாக வெறுமைக்கு 0 ஓம், நிறைவுக்கு 90 ஓம் என்று தலைகீழான ஏற்பாடு இருந்தது. அங்கே எர்த்தில் தொட்டால் முள் வெறுமைக்கு ஓடும். எந்த வாகனத்துக்கு எந்தக் கணக்கு என்று தெரியாமல் செய்கிற சோதனை நல்ல மானியையும் குப்பைக்கு அனுப்பிவிடும்.

எனது மானி பல்ப் சோதனையில் தேறியது. அடுத்து, யூனிட்டின் எர்த் முனையிலிருந்து பற்றரியின் மறை முனைக்கு நீண்ட வயர் ஒன்றை நேராகப் பிடித்தேன். தாங்கி நிறைந்திருந்த அந்த வேளையில், முக்காலுக்கு மேலே சோம்பி நின்ற முள் மெல்ல எழுந்து 'எஃப்' கோட்டில் போய் நின்றது. வெள்ளவத்தையில் கடலோரமாக நிறுத்தப்படும் எந்த வாகனத்துக்கும் நேர்வதுதான் இதற்கும் நேர்ந்திருந்தது. உப்புக் காற்று, எர்த் வயரைச் செசியில் பிடித்திருந்த வளையத்துக்கும் இரும்புக்கும் இடையே புகுந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வளையத்தை வெட்டி எறிந்து புதியதைப் பொருத்தி, செசியில் அந்த இடத்தைச் சண்ட் பேப்பரால் இரும்பு பளிச்சிடும்வரை தேய்த்து, பொல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசியதும் மேல் முனைக் கோளாறு முடிந்தது.

பலரும் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நிரப்பியதும் முள் 'எஃப்'க்குப் போகிறது. பார்ப்பதற்கு எல்லாம் சரியாகிவிட்டது போலிருக்கும். ஆனால் கால் பகுதிக்குக் கீழே அது முன்போலவே விழுந்துகொண்டும் எழுந்துகொண்டும் இருந்தது. ஓட்டுநருக்குத் தாங்கி நிறைந்திருக்கிறதா என்பதை முள் சொல்ல வேண்டியதில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தவருக்கு அது தெரியும். முள்ளின் சொல் தேவைப்படுவது கடைசிக் கால் பகுதியில்தான்.

பட்டையைக் கண்ணால் பார்த்தது

பழைய ஹைலக்ஸில் டேங்க் யூனிட் தாங்கியின் மேற்புறத்தில், பின்பெட்டியின் அடித்தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. தாங்கியைக் கீழே இறக்கலாம், அல்லது பின்பெட்டியின் பொல்ட்களைத் தளர்த்தி ஒரு பக்கமாக உயர்த்தலாம். தாங்கி ஏறத்தாழ வெறுமையாகும்வரை காத்திருந்து, மிச்ச டீசலையும் வடித்துவிட்டு, கீழே இறக்கும் வழியையே நானும், வாகன வயரிங் வேலை செய்யும் பாஸும் தேர்ந்தோம். டீசல் பெற்றோலைப் போல எளிதில் தீப்பற்றாது என்றாலும், திறந்தவெளியில் வைத்து, பற்றரியைக் கழற்றிவிட்டுத்தான் தாங்கியைத் திறந்தோம். பெற்றோல் வாகனமாக இருந்தால் இதைவிடப் பலமடங்கு எச்சரிக்கை வேண்டும். மூடிய கராஜுக்குள் அந்த வேலையைத் தொடவே கூடாது.

வெளியே எடுத்த யூனிட்டில் மிதவை நன்றாக இருந்தது. குலுக்கிப் பார்த்தால் உள்ளே டீசல் சலசலக்கவில்லை. ஓட்டை விழுந்த மிதவை மூழ்கிப்போய் எப்போதும் குறைத்துக் காட்டும். அது இங்கே இல்லை. கம்பியும் வளைந்திருக்கவில்லை. தடையை அளக்க மல்டிமீற்றரைப் பொருத்தினோம். இந்த ஒரு வேலைக்கு எண் காட்டும் டிஜிட்டல் மீற்றரைவிடப் பழைய முள் மீற்றர் மேலானது. ஒரு நொடிக்குள் அறுந்து ஒட்டும் தொடர்பை எண்கள் தவறவிடலாம், முள் அதை ஒரு துடிப்பாகக் காட்டிவிடும். பாஸ் மிதவையை மேல் முனையில் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்கினார். 3 ஓமில் தொடங்கித் தடை சீராக ஏறியது. பாதியைத் தாண்டியது. அப்போதும் ஒரு தடங்கலும் இல்லை. கால் அளவு என்று நாங்கள் கணித்த இடத்தைக் கடந்ததும் மீற்றரின் முள் ஒரு முறை துடித்து எல்லையின்மைக்குப் பாய்ந்தது, ஒரு மயிரிழை நகர்த்தியதும் திரும்பி வந்தது, மறுபடி பாய்ந்தது. கடைசி முனையை நெருங்கியதும் மீண்டும் அமைதியாகி 110 ஓமுக்கு அருகில் நின்றது.

மூடியைத் திறந்து பட்டையை வெளிச்சத்தில் பிடித்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. நிறைவுப் பக்கத்தில் தடைக்கம்பியின் சுற்றுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியுமளவுக்குக் கூர்மையாக, மங்கிய பழுப்பு நிறத்தில், ஏறத்தாழ புதியவை போலிருந்தன. கால் பகுதிக்குரிய இடத்திலோ உலோக நாக்கு உரசி உரசி ஒரு பளபளப்பான பள்ளத்தை வெட்டியிருந்தது. அங்கே சில சுற்றுகள் தட்டையாகத் தேய்ந்து கத்தி முனைபோல மெலிந்திருந்தன. இடையிடையே கறுப்புப் படிவு நிரம்பியிருந்தது. வெள்ளிக் கொலுசை நாளடைவில் கறுக்கச் செய்கிற அதே கந்தகம் எரிபொருளிலும் உண்டு. தொடுமுனை உலோகத்தின் மேல் அது படிந்துவிட்டால் மின்னோட்டத்துக்கு வழி அடைபட்டுவிடும். பட்டையின் மிகுதிப் பகுதி இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும் நிலையில் இருந்தது. அந்த ஒரு விரற்கடை மட்டும் முடிந்துபோயிருந்தது.

அந்தத் தேய்மானம் எனக்கு இந்த வண்டியின் வரலாறாகவே தெரிந்தது. நிறைந்த தாங்கியில் டீசல் அலையாடுவதற்கு இடமில்லை. மிதவை ஏறத்தாழ அசையாமல் நிற்கும். மட்டம் குறையக் குறைய ஒவ்வொரு பிரேக்கிலும் ஒவ்வொரு திருப்பத்திலும் டீசல் முன்னும் பின்னும் புரளும். மிதவை ஓயாமல் ஆடும். நாக்கு அதே இடத்தில் உரசிக்கொண்டேயிருக்கும். கொழும்பில் வேலைக்கு ஓடும் வாகனங்களில் பெரும்பாலானவை தாங்கியை நிரப்புவதேயில்லை. அன்றைய கூலியில் கையில் இருப்பதைப் பொறுத்து ஆயிரத்துக்கோ இரண்டாயிரத்துக்கோ அடித்துக்கொண்டு போவதுதான் வழக்கம். சித்தப்பாவும் அப்படித்தான் ஓட்டினார். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் செட்களுக்கு (எரிபொருள் நிலையங்களுக்கு) முன்னால் கிலோமீற்றர்க் கணக்கில் வரிசைகள் நீண்டு, யூலை மாதம் கியூஆர் அட்டை முறை வந்தபோது, விரும்பினாலும் நிரப்ப முடியாமல் போனது. தொடக்கத்தில் கார்களுக்கு வாரத்துக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிள்களுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்படும்வரை எத்தனையோ வாகனங்களின் முட்கள் அடிக் கால் பகுதியை விட்டு எழுந்ததேயில்லை. தேவை எங்கே மிகுதியோ அங்கேயே மானி முதலில் தேய்கிறது. வறுமையில் ஓடும் வாகனத்துக்குத்தான் கடைசி ஐந்து லீற்றரின் கணக்கு உயிர்நாடி. அந்த வாகனத்தில்தான் அந்தக் கணக்கு முதலில் கெடுகிறது. 'பழைய வாகனம், அப்படித்தான்' என்று சொல்லி விலகுவதை நான் ஏற்காததற்கு இதுவே முதற் காரணம்.

பஞ்சிகாவத்தையில்

பள்ளத்துக்குப் பக்கத்தில், தேயாத விளிம்பில் ஓடும்படி நாக்கைச் சற்று வளைத்துவிடுவது பழகிய கைகளின் வித்தை. பாஸ் அதைச் செய்து காட்டவும் செய்தார். முள்ளின் துடிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் மெலிந்த சுற்றுகள் எந்த நாளும் அறுந்துவிடலாம் என்பதால் வேறு யூனிட் தேடி மருதானைக்குப் பக்கத்தில் பஞ்சிகாவத்தைக்குப் போனோம். பழைய வாகனச் சாமான் வாங்குகிறவர்கள் எல்லோரும் கடைசியில் போய்ச் சேரும் இடம் அது. கடைக்கார நானா, மொடலைக் கேட்டதும் உள்ளே போய், கழற்றி எடுத்த யப்பான் யூனிட்கள் சிலவற்றையும் பெட்டியோடு புதியதொன்றையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"நானா, மீற்றர் வெச்சுப் பாத்துட்டு எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமாப் பாருங்க தம்பி. பாத்து எடுத்தா எனக்கும் நல்லம், திரும்பக் கொண்டு வரமாட்டீங்க" என்றார்.

புதியது பார்வைக்கு அழகாக இருந்தது. ஆனால் கம்பியின் வளைவு எங்களுடையதோடு பொருந்தவில்லை. முனைகளில் 3, 110 என்று சரியாகக் காட்டியபோதும் நடுவில் எண்கள் விலகின. தாங்கி பாதியாக இருக்கும்போது அது வேறெதையோ சொல்லியிருக்கும். மிதவைக் கம்பியின் நீளமும் வளைவும் அந்தந்தத் தாங்கியின் ஆழத்துக்கும் வடிவத்துக்கும் என்றே அமைக்கப்பட்டவை. இரு முனைகளை மட்டும் அளந்து வாங்கினால் இது தெரியவராது. பழையவற்றில் ஒன்று, முள் மீற்றரில் ஒரு துடிப்பும் இல்லாமல் மேலிருந்து கீழ்வரை இறங்கியது. அதன் பட்டையில் பள்ளம் இருக்கவில்லை. எங்கோ தாங்கியை ஒழுங்காக நிரப்பி ஓட்டிய ஒருவருடைய வண்டியிலிருந்து வந்திருக்க வேண்டும். அதையே எடுத்துக்கொண்டோம். ரப்பர் கஸ்கட்டை மட்டும் புதிதாக வாங்கினோம். பழைய கஸ்கட்டை மறுபடி போட்டால் தாங்கி நிறைந்திருக்கும்போது கசியும்.

லீற்றர் கணக்கு

தாங்கியை மீண்டும் ஏற்றியபின் ஒரு வேலை மிச்சமிருந்தது. கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் எத்தனை லீற்றர் என்று மானி சொல்வதில்லை. வடித்து வைத்த டீசலையும் வாங்கி வந்ததையும் ஐந்து ஐந்து லீற்றராக ஊற்றி, சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு முறையும் முள் நிலைகொள்ளும்வரை பொறுத்து, அது நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டேன். முள் 'ஈ' கோட்டை விட்டு எழுவதற்கு முன்பே முதல் ஐந்து லீற்றர் முழுவதும் உள்ளே போய்விட்டது. எனவே கோட்டைத் தொட்ட பிறகும் கைவசம் எவ்வளவு இருக்கிறது என்பது இப்போது எனக்குத் தெரியும். அதை நம்பி ஓட்டுவதற்காக நான் அளக்கவில்லை. தாங்கியின் அடியில் தேங்கும் நீரும் கசடும் பில்டருக்கு ஏறாமல் இருக்க, கால் பகுதியில் முள் நிற்கும்போதே செட்டுக்குத் திரும்பிவிடுவதை இப்போது வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். புதிய பட்டையும் அதனால் மெதுவாகத் தேயும்.

மேல் பாதி கீழ்ப் பாதியைவிட அதிக தூரம் ஓடுகிறது. அது மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. தாங்கியின் வடிவம் மேலும் கீழும் ஒன்றல்ல; நிரப்பும் குழாயிலும் சிறிதளவு டீசல் நிற்கிறது; மிதவை உச்சியைத் தொட்டபிறகும் மேலே கொஞ்சம் கொள்ளும். இவற்றில் எதுவும் கோளாறு இல்லை என்பதால் மிதவைக் கம்பியை வளைத்து அதைத் திருத்த நான் முயலவில்லை. நான் குறித்த லீற்றர்க் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, வெயில் மறைப்பின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். வண்டியை வேறு யாராவது எடுத்துப் போனாலும் அது உதவும்.